ஹார்லன் பாதியில் விட்ட துப்பாக்கி

அக்டோபர் பிறந்ததிலிருந்து வெர்னாவுக்கு உட்கார்ந்தால் எழ வேண்டும், எழுந்தால் உட்கார வேண்டும். பள்ளிக்கூடச் சமையலறையில் இருபத்திரண்டு வருடமாகக் கரண்டி பிடித்த கை, அந்த வாரம் மக்ரோனிக்கு உப்புப் போடவே மறந்தது. தலைமையாசிரியர் தட்டோடு வந்து, "என்ன வெர்னா, வேட்டை சீசன் வருதா?" என்று கேட்டார். மொன்டானாவின் அந்த மலையடி ஊரில் அக்டோபரில் யாருக்கு எது தவறினாலும் காரணம் அதுதான்.

வரத்தான் செய்தது. இன்னும் பத்தொன்பது நாள். வேட்டைக் குலுக்கலில் அவள் பெயருக்கு ஒரு பெண் எல்க் மானைச் சுடும் அனுமதிச் சீட்டு விழுந்திருந்தது. ஒன்றைச் சுட்டால் குளிர்காலம் முழுக்கக் கறிக்குக் கவலையில்லை. உறைபெட்டியில் போன வருடத்துப் பொட்டலம் இரண்டுதான் மிச்சம். சீட்டு இருந்தது, பூட்ஸ் இருந்தது, ஆரஞ்சுச் சட்டை இருந்தது. இல்லாதது துப்பாக்கி மட்டும்தான்.

அதற்குக் காரணம் அவள் புருஷன் ஹார்லன். வீட்டிலிருந்த ஒரே துப்பாக்கியைப் போன ஜனவரியில் விற்றுவிட்டு, ஒரு பழைய ராணுவத் துப்பாக்கியின் இரும்பை மட்டும் வாங்கி, அதன்மேல் புதுக் குழலும் தோளில் அணைக்கும் வால்நட் மரக்கட்டையும் ஏற்றித் தரச் சொல்லி, ஊரில் துப்பாக்கி செய்யும் கிழவர் ஆரினிடம் கொடுத்திருந்தார். "கடையில வாங்குறவன் கடைக்காரன் கையால சுடுறான்" என்பது அவர் வேதம். ஏப்ரலில் மாரடைப்பு வந்து போய்ச் சேர்ந்தார். துப்பாக்கி பாதியில் நின்றது.

மீதி வேலைக்கு ஆரின் கேட்டது தொள்ளாயிரம் டாலர். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். கடைத்தெருவிலோ குறிபார்க்கும் கண்ணாடியோடு சேர்த்தே ஐந்நூற்று நாற்பதுக்குப் புதிதாகத் தொங்கிக்கொண்டிருந்தது. வெர்னாவின் கையில் அறுநூறு. கணக்குப் பார்த்தால் ஐந்து நிமிட வேலை. ஆனால் அவள் மூன்று நாள் அந்தக் கடை வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, இறங்காமலே திரும்பினாள். செத்தவர் ஆசையை அம்போவென்று விட்டுவிட்டுப் பிளாஸ்டிக் கட்டை வாங்கினாள் என்று ஊர் சொல்லுமே என்ற பயம்தான்.

ஊருக்கு முன்னால் கொழுந்தன் வெண்டலே வந்து சொல்லிவிட்டான். அவள் சுட்டு வைத்திருந்த 'ஆப்பிள் பை' பலகாரத்தில் பாதியைக் காலி செய்துவிட்டுத்தான் ஆரம்பித்தான்.

"அண்ணி, பணம் பத்தலேன்னா நான் போடறேன். அதை முடிச்சிருங்க. அண்ணன் அதை உங்களுக்காகத்தானே செய்யச் சொன்னாரு!"

"எனக்காகவா? எங்கிட்ட சொல்லவே இல்லியே."

"கிறிஸ்துமஸுக்குக் குடுக்கலாம்னு இருந்திருப்பாரு. அவரு குணம் தெரியாதா உங்களுக்கு?"

"தெரியும். அதான் கேக்குறேன்."

"சரி, ஒண்ணுமே வேணாம். நான் சுட்டுத் தர்றேன். நீங்க எப்பவும்போல பிக்கப் வண்டியில உக்காந்து காபி குடிங்க."

"என் சீட்டுக்கு நீ சுட்டேன்னா, வனக்காவலர் உன்னைத்தான் தோலுரிப்பாரு. எழுந்திருடா, பலகாரத்தைத் தின்னது போதும்."

சிரித்துக்கொண்டே போய்விட்டான். அவளுக்குத்தான் சிரிப்பு வரவில்லை. எப்பவும்போல என்றானே, அது உண்மைதான். முப்பது வருடம் அவள் பிக்கப்பில்தான் உட்கார்ந்திருந்தாள். கல்யாணமான புதிதில் ஒரே ஒருமுறை ஹார்லனின் நீளத் துப்பாக்கியைத் தூக்கிச் சுட்டாள். கட்டை தோளில் பொருந்தாமல் புஜத்தில் இடித்து ஒரு வாரம் கன்றிப்போயிருந்தது. "உனக்கு இது சரிப்படாது, வெர்னா" என்று அவர் சிரித்தார். அதன்பிறகு அவர் சுடுவார், அவள் கத்தியோடு போய் அறுப்பாள். அவளுக்கும் சுட ஆசை இருந்தது. யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அப்படிப்பட்ட மனிதர் கடைசியில் அவளுக்கென்று ஒன்று செய்யச் சொல்லியிருந்தால்? நம்பவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை.

சனிக்கிழமை காலை ஆரினின் பட்டறைக்கே போய் நின்றாள். அவர் பாதி இழைத்த வால்நட் கட்டையை எடுத்துவந்து, "முழங்கையை மடக்குங்க" என்றார். யாருக்குத் துப்பாக்கி என்றாலும் அவர் முதலில் பார்ப்பது அதைத்தான். கட்டையின் அடியை மடக்கிய கையின் மடிப்பில் வைத்தால், விரல் விசைக்கு எட்ட வேண்டும். வெர்னாவின் விரல் இரண்டு அங்குலம் முன்னாலேயே நின்றுவிட்டது.

ஆரின் ஆணியில் மாட்டியிருந்த அட்டையைப் பார்த்தார். "பதினாலரை அங்குலம்னு போட்டிருக்கு. உங்களுக்குப் பன்னிரண்டரை போதும்."

"பதினாலரை யாரு அளவு?"

"ஹார்லன் அளவுதான். இங்கதான் நின்னாரு, நான்தான் அளந்தேன்."

"எனக்காகன்னு ஏதாச்சும் சொன்னாரா, ஆரின்? மறைக்காம சொல்லுங்க."

கிழவர் தாடியைச் சொறிந்தார். "சொன்னதில்ல. கண்ணு மங்குறதுக்குள்ள எனக்குன்னு நல்லதா ஒண்ணு இருக்கணும்னாரு. அவ்வளவுதான்."

முதலில் வலித்தது. பிறகு வெண்டல்மேல் கோபம் வந்தது. அதற்கும் பிறகு, இத்தனை நாளாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது எதுவோ மெல்ல எழுந்து போனதுபோல் அவளுக்கு மூச்சு நன்றாக வந்தது. எனக்குன்னு நல்லதா ஒண்ணு. பாவம் மனுஷன், அதில் என்ன தப்பு? அவள் ஆசையும் அதேதானே.

ஆரின் அதற்குள் ரம்பத்தைக் கையில் எடுத்திருந்தார். "கவலைப்படாதீங்க. ரெண்டு அங்குலம் அறுத்துட்டா கச்சிதமா ஆயிரும்."

"ஐயோ, அறுத்துராதீங்க!" அவள் கத்திய கத்தலில் வாசலில் படுத்திருந்த நாய் எழுந்தது. "அவரு நீளம் அவருக்கே இருக்கட்டும். வெண்டலுக்கும் அண்ணன் மாதிரி நீளக் கைதான். மீதிப் பணம் தர்றேன்னு வாயாலே சொல்லிருக்கான். அவனுக்கே முடிச்சுக் குடுங்க."

நேரே கடைக்குப் போனாள். இந்தமுறை இறங்கினாள். குட்டைக் கட்டை போட்டது ஒன்றைத் தோளில் வைத்துப் பார்த்தாள். விரல் விசையில் போய் உட்கார்ந்தது. கடைப்பெண் சர்க்கார் படிவத்தை நீட்டினாள். அந்த வீட்டுக்கு வந்த துப்பாக்கிகளுக்கெல்லாம் ஹார்லன்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறார். வெர்னா இந்தத் தாளைக் கண்ணால் பார்ப்பதே இதுதான் முதல் தடவை.

"எல்லார்கிட்டயும் இதைக் கேட்டே ஆகணும்மா, சட்டம் அப்படி," என்றாள் கடைப்பெண். "இதை உங்களுக்காகவா வாங்குறீங்க, இல்ல வேற யாருக்காச்சுமா?"

"எனக்குத்தான்," என்றாள் வெர்னா. கடைப்பெண் தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள். வெர்னா போகவில்லை. "எனக்குத்தான்மா" என்றாள் மறுபடியும்.