தகரப்பெட்டிக்குள் ஞானசிங்

மண்டைக்காட்டு அம்மன் கோயில் கொடைக்கு வந்த ‘பதில் சொல்லும் மிஷினை’ப் பார்க்கக் கூட்டம் முட்டி மோதியது. கேள்வியைச் சீட்டில் எழுதி ஓட்டையில் போட்டால், தகரப்பெட்டிக்குள் சக்கரம் கடகடக்கும். அச்சடித்தது போலப் பதில் வெளியே வரும். உள்ளே ஒடுங்கி உட்கார்ந்து சக்கரத்தைச் சுற்றியதும் பதிலை எழுதியதும் கொட்டாரத்து ஞானசிங்தான். நாலடி உயரமும் மிஷன் பள்ளிக்கூடத்துக் கையெழுத்தும் வாங்கித் தந்த வேலை அது.

முதலாளி ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தான்: “தெரியாதுன்னு மட்டும் எழுதப்பிடாது. மிஷினுக்கு மதிப்பு போயிரும்.”

கொழும்புக்குப் போன மகன் எப்போது வருவான் என்று ஒரு சீட்டு விழுந்தது. ஓட்டை வழியே பார்த்தால், நிற்பது சொந்த ஊர் உலகம்மாள். ஞானசிங் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, ‘சித்திரையில் வருவான்’ என்று எழுதித் தள்ளினார்.

ஆறு வருஷம் கழித்து, கொட்டாரம் சாயாக்கடையில் ஆறுமுகப்பெருமாள் பத்திரிகை வாசித்தார். “அமெரிக்காவுல யோசிக்குற மிஷின் வந்தாச்சாம் ஓய்! இனி டாக்டரும் வேண்டாம், வக்கீலும் வேண்டாம்.”

“நம்ம கஞ்சியில மண்ணள்ளிப் போடத்தான் வருது” என்றார் கடைக்காரர்.

ஞானசிங்குக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. “அதெல்லாம் கெடக்கட்டும். தெரியாததைத் தெரியாதுன்னு சொல்லுமா? அதைப் பாத்துச் சொல்லும் ஓய்!”

ஆறுமுகப்பெருமாள் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அப்படி ஒண்ணும் போடலையே.”

வெளியே பஸ் வந்து போனது. சித்திரை மாசம். இறங்கியவர்களின் முகங்களைப் பார்த்துவிட்டு உலகம்மாள் அங்கேயே நின்றாள். ஞானசிங் எழுந்து போனார்.

“வீட்டுக்குப் போ உலகம்மா. அவன் வருவான்னு யாருக்குத் தெரியும்?”

“மனுசன் சொன்னா சந்தேகப்படலாம் அண்ணாச்சி, இது மிஷினுல்லா சொல்லிச்சு. எந்த வருஷம்னுதான் நான் கேக்காம போயிட்டேன்.”