இடுப்புக்குக் கீழே மாட்டிய படங்கள்

வேலந்தாவளம் சந்தையில் என்னைக் கேட்காமல் ஒரு மாடு கைமாறாது. கன்றுக்குட்டிகூட எனக்கு வணக்கம் வைக்கும். அப்பேர்ப்பட்ட என்னை இன்று அக்கா மகள் செல்வி குனிய வைத்துவிட்டாள்.

சக்கர நாற்காலியில் இருப்பவள். தான் வரைந்த சந்தைப் படங்களைக் கல்யாண மண்டபத்தில் கண்காட்சியாக, இடுப்புக்குக் கீழே மாட்டியிருந்தாள்.

மண்டபத்து மேனேஜர் என்னிடம் வந்தார். “பெரிய மனுசங்க வர்றாங்க. குனிஞ்சா பாப்பாங்க? மேல மாட்டச் சொல்லுங்க, இல்லீன்னா எல்லாத்தையும் கழட்டிப்போடுவேனுங்க.”

நானும் பார்த்தேன். எல்லாம் கால், வயிறு, குளம்பு.

“ஏன் அம்மிணி, ஒரு மாட்டுக்கும் தலையக் காணோம்?”

“உங்களுக்குத் தலை தெரியுதுங்க மாமா. எனக்கு இவ்வளவுதானுங்க தெரியுது. மேல மாட்டுனா என்ற படத்த நானே அண்ணாந்து பாக்கோணும்.”

படத்தின் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தேன். காளையின் வயிறு வானத்தை மறைத்துக்கொண்டு என் மேலேயே வந்தது. நான் ராஜாவாக நிற்கிற சந்தை, எனக்கே பயமாக இருந்தது.

“படம் அங்கயே இருக்கட்டும். பாக்கறவன் குனியட்டும்” என்றேன். மேனேஜர் ஒரு ஆணியைக்கூடத் தொடவில்லை. என் குரலுக்குப் பாலக்காடே நடுங்கும்.

என் முழங்கால் மட்டும் அந்தக் குரலுக்கு அடங்கவில்லை, என்னை எழ விடவில்லை. செல்வியின் நாற்காலியைப் பிடித்துத்தான் எழுந்தேன்.

நாளையும் படங்கள் இருக்கும். குனிய முடியாத பெரிய மனிதர்கள் யார் யார், இந்தப் பதிவுக்குக் கீழேயே சொல்லிவிடுங்கள்.