கூப்பிடும் வரை வெளியே

எங்கள் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தின் பழைய பதிவுப் புத்தகத்தில், 1952ஆம் வருடம் ஸ்கூல் இன்ஸ்பெக்டர் எழுதிய வரி ஒன்று இருக்கிறது: "மாணவர் ஒழுங்கு மெச்சத்தக்கது." அந்த ஒழுங்கு யாரால் வந்தது என்று அவர் கேட்கவில்லை. கணேசமூர்த்தி வாத்தியாரும் சொல்லவில்லை. அன்று பெஞ்சில் இருந்த நானும் வாயைத் திறக்கவில்லை. அதனால் இப்போது எழுதுகிறேன். அந்த ஒழுங்கு மாயாண்டியின் மகள் அம்மாக்கண்ணு உண்டாக்கியது.

இலங்கை மலைநாட்டில், நோர்வூட்டுக்கு மேலே ஐந்து மைலில் எங்கள் தேயிலைத் தோட்டம். பள்ளிக்கூடம் என்றால் ஒரே அறை, தகரக் கூரை, ஒரே வாத்தியார். ஐந்து வகுப்புக்கும் சேர்த்து அறுபது பிள்ளைகள். மழை பிடித்தால் வாத்தியார் சொல்வது முதல் வரிசைக்கே கேட்காது. அவரும் அடித்துப் பார்த்தார், முட்டிபோட வைத்துப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. பத்து வயது அம்மாக்கண்ணுவைச் சட்டாம்பிள்ளை ஆக்கியது அவளுடைய திறமையைப் பார்த்தல்ல, கை ஓய்ந்துபோய்த்தான்.

அவள் பிரம்பைத் தொடவே இல்லை. சின்னப் பிள்ளைகள் பத்து மணியானால் ஏன் ஓடுகிறார்கள் என்று ஒரு வாரம் பார்த்தாள். பத்து மணிக்குத்தான் கொழுந்து பறிக்கும் பெண்கள் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவுக்கு வந்து பால் கொடுப்பார்கள். அது பள்ளிக்கூடத்துக்கு நேர் கீழே. அம்மாவின் குரல் கேட்டபிறகு எந்தப் பிள்ளை வாய்ப்பாடு சொல்லும்? இடைவேளையைப் பத்து மணிக்கு மாற்றச் சொல்லி வாத்தியாரிடம் கேட்டாள். மாற்றினார். மறுநாளிலிருந்து ஓட்டம் நின்றது. வாத்தியாருக்கு இரண்டு வருடமாகத் தெரியாமல் இருந்த விஷயம் இது.

அடுத்து, தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிய மலையிலிருந்து ஒரு மிலாறுக் குச்சி கொண்டுவந்து கதவோரம் தொங்கவிட்டாள். வெளியே போகிறவர் அதை எடுத்துக்கொண்டு போகவேண்டும். குச்சி திரும்பி வந்தால்தான் அடுத்தவர் எழும்பலாம். குச்சியைத் தூக்கிக்கொண்டு போவது பெரிய கௌரவமாகிவிட்டது. மூன்றாவது விதி: வெளியே இருத்தப்பட்டவர்கள் கூப்பிடும் வரை உள்ளே வரக்கூடாது. சின்ன வகுப்புகளை மரத்தடிக்கு அனுப்பினால் ஒவ்வொருவராக எட்டிப் பார்த்துத் தொல்லை கொடுத்ததால் இதைப் போட்டாள். விதியை எல்லாருக்கும் முன்னால் அவளே கடைப்பிடிப்பாள். அதனால்தான் பிள்ளைகள் பெட்டிப்பாம்பாக அடங்கினார்கள்.

அவளுக்கு ஒரே ஆசைதான். நோர்வூட் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பு. ஐந்தாம் வகுப்பு பாஸ் என்று சர்ட்டிபிகேட் இருந்தால்தான் அங்கே சேர்ப்பார்கள். மாயாண்டி ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்: பாஸானால் போகட்டும், இல்லாவிட்டால் தோட்டத்து வேலைக்குப் பேர் பதிந்து மலைக்கு வரட்டும். கணக்கில் அவள் என்னைவிடக் கெட்டிக்காரி. எனக்கு வகுத்தல் சொல்லிக் கொடுத்ததே அவள்தான்.

முதல் வருடப் பரீட்சையன்று, சின்ன வகுப்புகள் சத்தம் போட்டால் பெரிய பிள்ளைகள் எப்படி எழுதுவது என்று வாத்தியார் யோசித்தார். நாற்பது பிள்ளைகளையும் சவுக்கு மரத்தடிக்குக் கூட்டிப்போகும்படி அம்மாக்கண்ணுவிடம் சொன்னார். அவள் பரீட்சை எழுதவேண்டியவள் என்பது மதியத்துக்கு மேல்தான் அவருக்கு ஞாபகம் வந்தது. சின்ன வயதுதானே, அடுத்த வருடம் எழுதலாம் என்றார். மாயாண்டி குடியிருந்த லயத்து வீட்டுக்கே போய்ச் சொன்னார். மாயாண்டியும் ஒரு வருடம் விட்டுக்கொடுத்தார்.

வாத்தியார் கெட்ட மனுஷனாக இருந்திருந்தால் இரண்டு திட்டு திட்டிவிட்டு நான் போயிருப்பேன். நல்லவர்தான். அவளால் வேலை சுலபமாக இருந்தது, அந்தச் சுலபத்துக்குப் பழகிவிட்டார், அவ்வளவுதான். அதைத்தான் என்னால் இன்றைக்கும் பொறுக்க முடியவில்லை.

இரண்டாம் வருடம் அவள் எங்களோடு பெஞ்சில் உட்கார்ந்தாள். சின்ன வகுப்புகளுக்கு வாத்தியார் அன்று லீவு விட்டிருந்தார். ஆனால் அன்றைக்கே இன்ஸ்பெக்டர் வருவதாகத் தோட்ட ஆபீசிலிருந்து ஆள் வந்து சொன்னான். பிள்ளைகளின் தலையை எண்ணுவார் என்று பயந்து, வாத்தியார் லயம் லயமாக ஆள் அனுப்பி எல்லாரையும் திரும்பக் கூட்டிவரச் செய்தார். வெளியே ஒரே இரைச்சல். இன்ஸ்பெக்டரின் கார் வளைவில் தெரிந்தது. அம்மாக்கண்ணு பேர் எழுதி முதல் கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தாள்.

வாத்தியார் அவளிடம் வந்து குனிந்தார். "கொஞ்ச நேரம் போயி அதுகளப் பாத்துக்க தாயி. அவரு உள்ள வந்து உக்காந்ததும் கூப்பிடுறேன்."

அவள் எழும்பிப் போனாள். இரைச்சல் நின்றது. இன்ஸ்பெக்டர் உள்ளே வந்தார், உட்கார்ந்தார், வாத்தியாரிடம் கேள்விமேல் கேள்வியாகக் கேட்டார். ஜன்னல் வழியாக எனக்கு அவள் தெரிந்தாள். நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் கைகட்டி நின்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கூப்பிடும் வரை உள்ளே வரக்கூடாது. அது அவள் போட்ட விதி. அத்தனை பிள்ளைகள் பார்க்க அதை அவள் எப்படி மீறுவாள்?

நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பரீட்சையில் பேசக்கூடாது என்பது விதி. நான் விதியைக் காப்பாற்றினேன். அவள் சொல்லிக் கொடுத்த வகுத்தலைப் போட்டு முடித்தேன். மணி அடித்தது. வாத்தியார் தாள்களைச் சேர்க்கும்போது ஒரு தாளில் ஒரே ஒரு கணக்கு இருந்தது. அவர் முகம் செத்துப்போனது. இன்ஸ்பெக்டர் அப்போது அந்த மெச்சத்தக்க வரியை எழுதிக்கொண்டிருந்தார்.

இந்தத் தடவை வாத்தியார் லயத்துக்குப் போனபோது மாயாண்டி மரியாதையாக உட்காரவைத்துத் தேத்தண்ணி கொடுத்தார். பிறகு சொன்னார்: "ரெண்டு வருஷம் உங்களுக்கு வேல செஞ்சிட்டா சார். இனி வீட்டுக்குச் செய்யட்டும்." அடுத்த வாரம் அவள் பேர் பதிந்தார்கள். நான் நோர்வூட்டுக்கு நடந்து போகும் காலைகளில் அவள் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் நிற்பாள். நான்தான் தலையைக் குனிந்துகொண்டு போவேன்.

அதன்பின் அவள் வாழ்க்கையில் எழுத அதிகம் இல்லை. பதினேழில் சோலைமலை என்பவனுக்கு வாக்கப்பட்டாள். பிள்ளை பெற்றாள். கொழுந்து பறித்தாள்.

1964இல் நான் அதே பள்ளிக்கூடத்துக்கு இரண்டாவது டீச்சராக வந்தேன். சேர்க்கை நாளன்று அம்மாக்கண்ணு மகள் லெட்சுமியைக் கூட்டிக்கொண்டு வந்தாள். கணேசமூர்த்தி வாத்தியாருக்குத் தலை நரைத்திருந்தது. பதிவேட்டில் பெயரை எழுதிவிட்டு, பிள்ளை அசையாமல் நிற்பதைப் பார்த்து அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தாயைப்போலவே அடக்கமாக இருக்கிறாளே, முதல் வகுப்புக்கு இவளையே சட்டாம்பிள்ளையாக வைத்துவிடலாம் என்றார். மனதாரத்தான் சொன்னார்.

அம்மாக்கண்ணு பிள்ளையின் கையைப் பிடித்து என் கையில் வைத்தாள். பன்னிரண்டு வருடத்தில் முதல் தடவையாக என் முகத்தை நேராகப் பார்த்தாள். பேசியது அவரிடம்.

"வேணாங்க சார். எம் புள்ள சத்தம் போடட்டும். கூப்பிட மறந்துட்டா, கத்திக்கிட்டு உள்ள வரட்டும்."

வாத்தியார் பேனாவை மூடி வைத்தார். பத்து மணி ஆகியிருந்தது. அவள் கொழுந்துக் கூடையின் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு மலைக்குப் போனாள்.