சுருக்குப்பை நர்சம்மா

மாமல்லபுரத்துக்கு வடக்கே சவுக்குத் தோப்பு ஓரமாக ஒரு சின்ன ஆஸ்பத்திரி இருந்தது. அதற்குள் வெற்றிலைப் பையோடு யாரும் நுழைய முடியாது. வாசலிலேயே நர்சு ஷரீபுன்னிசா கையை நீட்டிவிடுவாள். கல் கொத்துகிறவனானாலும் சரி, மீன்காரியானாலும் சரி, சுருக்குப்பையை அவளிடம் கொடுத்துவிட்டு, குழாயடியில் முழங்கை வரைக்கும் கழுவிக்கொண்டுதான் பெஞ்சில் உட்கார வேண்டும். ஏனம்மா இந்தக் கெடுபிடி என்று கேட்டால், சுவரெல்லாம் துப்பி வைக்கிறீர்கள் என்பாள். துப்புகிறவன் வெற்றிலையை வாயிலேயே அடக்கிக்கொண்டு வருவானே, பையைப் பிடுங்கி என்ன பிரயோசனம்? அதையும் கேட்டுப் பார்த்தார்கள். அவள் அடுத்த ஆளின் பைக்குக் கையை நீட்டினாள். சரி, பாவம் கொஞ்சம் கிறுக்கு என்று முடிவுகட்டி, சுருக்குப்பை நர்சம்மா என்று பேரும் வைத்துவிட்டார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

காரணம் இருந்தது. அவள் அதை யாரிடமும் சொன்னதில்லை.

ஷரீபுன்னிசா செங்கல்பட்டுக்காரி. அவள் அத்தா ஷேக் தாவூத் மார்க்கெட்டில் குடையும் பூட்டும் ரிப்பேர் பார்த்தவர். பெண்பிள்ளையை நர்சு வேலைக்கு அனுப்பலாமா என்று தெருவில் ஒருவர் இழுத்தபோது, உங்கள் வீட்டுப் பிரசவத்தை ஆம்பளையா வந்து பார்த்தான் என்று திருப்பிக் கேட்டு வாயை அடைத்த மனுஷர். அந்தக் கொழுப்பு மகளுக்கும் இருந்தது. படிப்பு முடிந்து கடலோரத்தில் வேலை கிடைத்ததும், திருக்கழுக்குன்றம் வழியாகப் போகிற பஸ்ஸில் தினமும் ஏறி, கண்டக்டரிலிருந்து கீரைக்காரி வரைக்கும் எல்லாரோடும் வாயாடிக்கொண்டே போவாள். அவள் சிரித்தால் டிரைவர் திரும்பிப் பார்ப்பார். இதெல்லாம் எழுபத்தொண்ணுக்கு முன்னால்.

அந்த வருஷம் ஐப்பசியில், திருவிடந்தைக் குப்பத்து ஆராயி காலை இழுத்துக்கொண்டு வந்தாள். மீன் கூடைக்காரி. கெளுத்தி மீன் முள் குத்திப் புரையோடியிருந்தது. கூடவே மகள் லோகநாயகி, கல்யாணமாகி ஒரு மழைக்காலம்கூடத் தாண்டாதவள். டாக்டர் காலைப் பார்த்துவிட்டு, பெனிசிலின் போடச் சொல்லிவிட்டு, ஏதோ மீட்டிங் என்று செங்கல்பட்டுக்குக் கிளம்பிவிட்டார்.

பெனிசிலினை எடுத்தோம் குத்தினோம் என்று போட முடியாது. பத்துப் பேருக்கு அமுதமாக இருப்பது ஒருத்தருக்கு விஷமாகிவிடும். அதனால் முதலில் முன்கையில், தோலுக்குள்ளே, ஒரு துளியைச் செலுத்தி, சுற்றிப் பேனாவால் வட்டம் போட்டு அரைமணி உட்காரவைப்பார்கள். வட்டத்துக்குள் தடித்துச் சிவந்து அரித்தால் அந்த உடம்புக்கு அந்த மருந்து ஆகாது. ஷரீபுன்னிசா அப்படியே செய்தாள். தேய்க்காதே, சொறியாதே என்று சொல்லிவிட்டு, உளி பட்டுக் கட்டைவிரல் பிளந்து வந்த ஒருவனுக்குக் கட்டுப்போடப் போனாள்.

ஆராயிக்கு அரித்தது. நன்றாகவே அரித்தது. சொறியாதே என்று நர்சம்மா சொல்லியிருக்கிறாளே, சொறியலாமா? அதனால் லோகநாயகி அந்தக் கரையில் யாரும் செய்வதைச் செய்தாள். கொசு கடித்தாலும் சுண்ணாம்பு, குளவி கொட்டினாலும் சுண்ணாம்பு. அம்மாவின் சுருக்குப்பையிலிருந்து டப்பியை எடுத்து, வட்டம் நிறைய, ஆசையாக, பதமாகத் தடவிவிட்டாள்.

நர்சம்மா வந்து பார்த்தபோது வட்டம் வெள்ளையாகக் காய்ந்து கிடந்தது. ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தாள். உள்ளே சிவப்பு. சுண்ணாம்பு பட்ட தோல் சிவக்காமல் வேறென்ன செய்யும் என்று நினைத்தாள். அரிக்குதா என்று கேட்டாள். இல்லவே இல்லை என்றாள் ஆராயி. ஊசி போடாமல் அனுப்பிவிடுவார்களோ என்ற பயம் அவளுக்கு. வாசலில் மீன் கூடை வேறு நாறிக்கொண்டிருந்தது.

இன்னொரு கையில் இன்னொரு துளி போட்டு, இன்னொரு அரைமணி காத்திருந்திருக்கலாம். அது ஷரீபுன்னிசாவுக்குத் தெரியாதா? தெரியும். முழு ஊசியையும் போட்டுவிட்டாள்.

ஆராயி வாசல்படியைத் தாண்டவில்லை. தொண்டையை அடைக்கிறது என்றாள். உதடு வீங்கியது, உடம்பெல்லாம் திட்டுத்திட்டாகத் தடித்தது, மூச்சு இழுப்பு கண்டது. அதற்குமேல் ஷரீபுன்னிசா ஒரு பிசகும் செய்யவில்லை. மல்லாத்திக் காலை உயர்த்தினாள், அட்ரினலின் போட்டாள், தடிப்புக்கு அவில் ஊசி போட்டாள், நாடியைப் பிடித்துக்கொண்டே மறுபடி அட்ரினலின் போட்டாள். அத்தனையும் பாடப்படி. அவள் விரலுக்கடியிலேயே நாடி நின்றுபோனது.

டாக்டர் திரும்பி வந்து கதவைச் சாத்திக்கொண்டு விசாரித்தார். கெட்ட மனுஷர் இல்லை. டெஸ்ட் ஊசியில் ஒன்றும் தெரியவில்லையா என்றுதான் கேட்டார். ஜன்னலுக்கு வெளியே சவுக்கு மரத்தடியில் லோகநாயகி மார்பில் அடித்துக்கொண்டிருந்தாள். விரலில் சுண்ணாம்பு இன்னும் ஒட்டியிருந்தது. இந்த அறையில் ஒரு வார்த்தை சொன்னால் பொழுது சாய்வதற்குள் திருவிடந்தைக்குப் போய்விடும். பெற்றவளைக் கொன்றவள் என்று ஊரே பேசும். புகுந்த வீட்டில் சோறு போடுவார்களா?

"நான் சரியா பாக்கல சார்."

அவ்வளவுதான் சொன்னாள். பொய்யும் இல்லையே. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே பாவத்தில் பாதி அவளுடையது. பழியை முழுசாக வாங்கிக்கொண்டாள். மெமோ கொடுத்தார்கள். அவளுக்குப் பின்னால் வந்தவர்களெல்லாம் ஸ்டாஃப் நர்சாகிப் பெரிய ஆஸ்பத்திரிகளுக்குப் போனார்கள். இவள் சவுக்குத் தோப்பிலேயே கிடந்தாள்.

அழுதாளா என்று கேட்காதீர்கள். அழுதிருந்தால் தேவலையே. மறுநாள் அதே பஸ்ஸில் வந்தாள், ஊசிகளை வேகவைத்தாள், புண்ணைத் துடைத்தாள். கண்டக்டர் வம்புக்கு இழுத்தபோது டிக்கெட்டை வாங்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தங்கை ஷஹர்பானு கல்யாணத்தில் பிரியாணியில் உப்பே இல்லை என்று பந்தியே கத்தியது. இவள் பேசாமல் தின்றுவிட்டு எழுந்தாள். அம்மா சுல்தான் பீவி மௌத்தானபோது, உடலை இவள்தான் குளிப்பாட்டினாள். முடிந்ததும் வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கையைத் துடைத்தாள். கல்லு மனசு என்றார்கள் சொந்தக்காரர்கள். மரத்துப்போன காலைக் கிள்ளினால் வலிக்குமா? அந்த மாதிரி ஆகிவிட்டிருந்தாள் அவள்.

லோகநாயகி மட்டும் விடவில்லை. அம்மாவின் கூடையை அவள் எடுத்துக்கொண்டாள். பஸ் நிறுத்தத்தில் நர்சம்மாவைக் கண்டால் போதும், கூடையை இறக்கி வைத்துவிட்டு, எங்கம்மாவைக் கொன்றவள் போகிறாள் பாருங்கள் என்று மண்ணை வாரித் தூற்றுவாள். ஷரீபுன்னிசா பஸ் வருகிறவரைக்கும் நின்று கேட்டுக்கொள்வாள். ஒரு நாளாவது சுண்ணாம்பைப் பற்றிச் சொல்லியிருந்தால் அந்த வாய் அன்றோடு அடைத்துப்போயிருக்கும். சொல்லவில்லை.

எழுபத்தெட்டில் அந்த லோகநாயகியே ஆஸ்பத்திரிக்கு வந்து நின்றாள். இடுப்பில் பெண் குழந்தை, காதுக்குப் பின்னால் பெரிய கட்டி, கொதிக்கிற ஜுரம். இங்கே வர அவளுக்கென்ன தலையெழுத்தா? குப்பத்துக்கு ஊசி போடுகிற கம்பவுண்டர் ஏசுபாதம் கூடுவாஞ்சேரிக்குக் கல்யாணத்துக்குப் போய்விட்டான். வேறு வழியில்லை. குழந்தை பேர் என்ன என்று நர்சம்மா கேட்டாள்.

"எங்கம்மா பேருதான். ஆராயி."

புது டாக்டர் பெனிசிலின் எழுதினார். ஷரீபுன்னிசா சின்ன ஆராயியின் கையில் துளியைச் செலுத்தி வட்டம் போட்டாள். போட்டுவிட்டு நகரவில்லை, எதிரிலேயே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். போன தடவை கம்பவுண்டர் இதே ஊசியைச் சடக்கென்று போட்டு அனுப்பினார், ஒன்றும் ஆகவில்லை, உனக்கு மட்டும்தான் இத்தனை வித்தை என்று லோகநாயகி முணுமுணுத்தாள். முதல் தடவை சும்மா இருக்கிற உடம்புதான் அடுத்த தடவை எதிரியாகும் என்று அவளுக்கு யார் சொல்வது?

குழந்தை சிணுங்கிக்கொண்டு கையைச் சொறியப் போனது. லோகநாயகி சுருக்குப்பையை வாசலில் கொடுத்திருந்தாள். வீம்புக்கு டப்பியை மட்டும் மடியில் ஒளித்து வைத்திருந்தாள். எடுத்துத் திறந்து, விரலில் தொட்டு, வட்டத்துக்குக் கொண்டுபோனாள்.

ஷரீபுன்னிசா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வாணாம்."

"கொயந்த அரிச்சிக்கினு கீது. கண்ணு தெர்ல?"

அரிப்பது தெரிந்தது. வட்டத்துக்குள் தடித்து, சிவப்பு கோட்டைத் தாண்டி ஓடுவதும் தெரிந்தது. இந்தக் குழந்தைக்கு இந்த ஊசி கிடையாது என்றாள் ஷரீபுன்னிசா. லோகநாயகி எகிறினாள். நீ போடாவிட்டால் போ, நாளைக்குக் கம்பவுண்டர் வந்துவிடுவார், அவரிடம் போட்டுக்கொள்கிறேன் என்று குழந்தையைத் தூக்கினாள். செய்யக்கூடியவள்தான். அவளுக்குக் காரணம் சொல்லியே ஆக வேண்டும். சொன்னால் அவள் எதைத் தெரிந்துகொள்வாள் என்பதும் ஷரீபுன்னிசாவுக்குத் தெரியும். ஏழு வருஷமாகக் கட்டிக் காத்தது, இந்த ஒரு நிமிஷத்தில் வந்து மாட்டிக்கொண்டது.

குழந்தையின் கையைத் திருப்பிக் காட்டினாள்.

"இந்தத் தடிப்ப பாரு. இந்த மருந்து ஆவாதுன்னு ஒடம்பு சொல்லுது. இதும்மேல சுண்ணாம்பு வச்சா யாருக்கும் தெரியாது. அப்புறம் ஊசி போட்டா புள்ள பூடும்."

லோகநாயகி குழந்தையின் கையைப் பார்த்தாள். பிறகு தன் விரலைப் பார்த்தாள். டப்பி கீழே விழுந்து உருண்டது. எடுக்கவில்லை. அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

"அன்னிக்கி எங்கம்மாவுக்கு... நான்தான வச்சேன்."

ஷரீபுன்னிசா யோசிக்கவே இல்லை.

"அன்னிக்கி டெஸ்ட்டு ஊசில நான் போட்டது வெறும் தண்ணி. அவசரத்துல மருந்து கலக்க மறந்துட்டேன். நீ சுண்ணாம்பு வச்சா இன்னா, சந்தனம் வச்சா இன்னா?"

"அம்மா அரிக்கிதுன்னு சொல்லிச்சே."

"ஊசி குத்துனா அரிக்கத்தான் செய்யும்."

பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இரண்டு பேர் எழுந்து போயேவிட்டார்கள். டாக்டர் அறையிலிருந்து தலையை நீட்டினார். ஷரீபுன்னிசா அவரிடம், குழந்தைக்குப் பெனிசிலின் ஆகாது, வேறு மாத்திரை எழுதுங்கள் என்றாள். எங்கே போனாலும் இதைச் சொல்ல வேண்டும் என்று லோகநாயகியையும் வாய்விட்டுச் சொல்லவைத்தாள். அவள் பாடம் படிக்கிற பிள்ளை மாதிரி, பெனிசிலின் ஆவாது, பெனிசிலின் ஆவாது என்றாள்.

மாத்திரையை வாங்கிக்கொண்டு வாசல் வரைக்கும் போனவள், திரும்பி வந்தாள். குரல் எழும்பவில்லை.

"நெசமாவே நான் வச்சதால இல்லியே? ஏழு வருசமா சோத்துல கைய வச்சா இந்த வெரலுதான் கண்ணுக்குத் தெரியுது."

அப்படியானால் இவளும் அதைச் சுமந்துகொண்டுதான் இருந்திருக்கிறாள். பஸ் நிறுத்தத்தில் அத்தனை கத்தலும் அதற்குத்தான். ஷரீபுன்னிசாவுக்குக் கண் நிறைந்தது. ஏழு வருஷத்தில் முதல் தடவை. குனிந்து புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

"ஒன்னால இல்ல. என்னாலதான்."

லோகநாயகி அவளையே பார்த்தாள். ஒரு பெருமூச்சு வந்தது. குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு வெளியே போனாள். கேட்டைத் தாண்டியதும் ஆரம்பித்தாள். தண்ணியை ஊசி என்று போட்டு எங்கம்மாவைக் கொன்றவள், நீ உருப்படுவியா, உன் கையில் புழு வைக்க என்று தோப்பெல்லாம் கேட்கிற மாதிரி கத்தினாள். என்றைக்கும் இல்லாத தெம்பு அந்தக் குரலில் இருந்தது.

ஷரீபுன்னிசா கீழே கிடந்த டப்பியை எடுத்து ஜன்னல் திண்டில் வைத்தாள். வாசலில் ஒரு கல் தச்சன் உள்ளே வருவதா போவதா என்று தயங்கிக்கொண்டிருந்தான். அவள் கையை நீட்டினாள்.

"பைய குடு. கைய கழுவிகினு வா."