பேரி மரத்தடிக்கு வந்த கரடி

என் சின்னம்மாவின் மூன்றாவது மகளுக்குப் பல் முளைக்கும்போதே பயமும் முளைத்தது. கரப்பான் பூச்சிக்குப் பயம், பலூன் வெடித்துவிடுமோ என்று பயம், லிஃப்டுக்கு ரொம்பப் பயம். அவளைப் போய் லிஃப்ட் பழுதுபார்க்கிறவருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். கல்யாணமான புதிதில் அவருக்குச் சாப்பாடு கொண்டுபோனவள் எட்டு மாடியும் படியேறிப் போய் மூச்சு வாங்க நின்றாளாம். "நான் சரி பண்ணின லிஃப்ட்டுடி அது!" என்றாராம் மாப்பிள்ளை. "அதனாலதான் பயமா இருக்கு" என்றாளாம் இவள்.

எனக்குத் தங்கை முறை. தையல் வேலை. பள்ளிக்கூடச் சீருடை, ஜன்னல் திரை, தலையணை உறை எல்லாம் தைப்பாள். பின்கட்டு அறையில் ஜன்னலோரம் மிஷின். ஜன்னலுக்கு வெளியே சின்னத் தோட்டம், அதில் ஒற்றைப் பேரி மரம். மரத்தடியில் ஒரு பிரம்பு நாற்காலி. அது அவள் மாமனாருடையது. ஆணித் தொழிற்சாலையில் முப்பத்தாறு வருடம் வேலை பார்த்துக் காது இரண்டும் அடைத்துப்போன மனிதர். காலையில் போய் உட்கார்ந்தால் பேரிப்பழத்தைக் கடித்துக்கொண்டே தூங்கிப்போவார்.

அவருக்கு இரண்டு பிள்ளைகள். இளையவர்தான் எங்கள் மாப்பிள்ளை. மூத்தவர் லாரி ஓட்டுகிறவர். முதுகிலும் கையிலும் முடி அடர்ந்திருக்கும். போதாததற்கு, போன ஊரில் பாம்பு குறுக்கே படுத்துப் பாலம் போட்டதாகவெல்லாம் கரடி விடுவார். அதனால் குடும்பத்தில் எல்லோருக்கும் அவர் 'கரடி'தான். என் தங்கை மட்டும் பத்தொன்பது வருடத்தில் ஒரு தடவைகூட அப்படிச் சொன்னதில்லை. மூத்தாரைப் பட்டப்பெயர் சொல்லலாமா? 'பெரியவர்' என்பாள்.

பிள்ளைகளின் அம்மா செத்த அன்று அந்தப் பெரியவர் லாரியோடு எங்கோ தூரத்தில் மாட்டிக்கொண்டு, எல்லாம் முடிந்த மறுநாள்தான் வந்து சேர்ந்தார். "இனிமே இந்த வாசப்படி மிதிக்காத" என்றார் அப்பா. மூன்று வருடமாக அவரும் மிதிக்கவில்லை. இந்தப் பேச்சுவார்த்தையில்லாத கொடுமைதான் மாப்பிள்ளைக்குத் தீராத கவலை.

அந்த வருடம் நகரத்துக்குள் மிருகங்கள் வந்துபோவது சகஜமாகியிருந்தது. வீடுகள் மலைமேல் ஏறிக்கொண்டே போக, மலையில் இருந்ததெல்லாம் கீழே இறங்கிக்கொண்டே வந்தது. பேருந்து நிறுத்தத்தில் ஒரு நரி நின்றதாம். வங்கியின் கண்ணாடிக் கதவில் ஒரு கரடி மூக்கை வைத்துப் பார்த்ததாம். நகராட்சி வீட்டுக்கு வீடு ஒரு தாள் கொடுத்தது: ஓடாதீர்கள், முதுகைக் காட்டாதீர்கள், உங்களைப் பெரிதாகக் காட்டிக்கொள்ளுங்கள், சத்தம் போடுங்கள், உடனே இந்த எண்ணைக் கூப்பிடுங்கள். என் தங்கை அதை நான்கு தடவை படித்துவிட்டு, பத்திரமாக இருக்கட்டுமென்று வாசல் கேட்டின் வெளிப்பக்கம் ஒட்டினாள். "சரிதான், கரடி வந்தா அதுவே படிச்சுட்டு போன் பண்ணிக்கட்டும்" என்றார் மாப்பிள்ளை.

ஒரு செவ்வாய்க்கிழமை, பகல் பதினோரு மணி. பள்ளிக்கூட நாடகத்துக்கு மேடைத் திரை தைத்துக்கொண்டிருந்தாள். கருஞ்சிவப்புத் துணி, கட்டில் அகலம். மேலே கம்பு நுழைகிற மடிப்பை அடித்து முடித்து நூலைக் கடித்தபோது, தோட்டத்தில் கிளை முறிகிற சத்தம் கேட்டது. நிமிர்ந்தாள்.

பேரி மரத்தில் சாய்ந்து நின்றது அது. முதலில், யாரோ கருப்புக் கம்பளியை மரத்தில் உலரப் போட்டிருக்கிறார்கள் என்றுதான் நினைத்தாளாம். கம்பளி திரும்பிப் பார்த்தது. முறிந்த கிளையில் இருந்த பழத்தையெல்லாம் தின்றுவிட்டு நான்கு காலில் இறங்கியது. ஐந்தடி தள்ளி மாமனார் தலை சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். பாதி கடித்த பழம் மடியில் கிடந்தது.

கூப்பிட்டால் அவருக்குக் கேட்காது. கேட்டு அவர் திடுக்கிட்டு எழுந்தால் அதைவிட மோசம். வீட்டுக்காரருக்குப் போன் போட்டாள்.

"ஏங்க... கரடி வந்திருக்குங்க. தோட்டத்துல."

அந்தப் பக்கம் சிரிப்பு. "அடிப்பாவி! பெரியவர் பெரியவர்னு சொன்ன வாயா இது? நீயும் ஆரம்பிச்சுட்டியா?"

பயத்தில் அது அவள் மண்டையில் ஏறவில்லை. "மாமா தூங்கிட்டிருக்காருங்க. பக்கத்துல போகுது!"

"போகுதா? மரியாதையெல்லாம் இன்னிக்குக் காத்துல பறக்குதே! அப்பா பக்கத்துலயே போயாச்சா? நல்லதாப் போச்சு, இப்பவாவது புத்தி வந்துச்சே. நீ குறுக்க போகாத. கதவச் சாத்திட்டு உள்ளயே இரு."

"மாமாவ ஏதாவது பண்ணிடும்ங்க!"

"என்ன பண்ணும்? கட்டிப் புடிக்கும். புடிக்கட்டும், விடு. முடிஞ்சதும் ஒரு டீ போட்டுக் குடு."

போன் அறுந்துபோனது. திரும்பப் போட்டால் மணி அடிக்கவில்லை, வேறு யாரோடோ பேசுகிறார். தாளில் இருந்த எண்ணோ வாசலுக்கு வெளியே. பக்கத்து வீட்டில் பூட்டுத் தொங்கியது.

வெளியே அந்தக் கரடி நாற்காலியை ஒரு சுற்றுச் சுற்றி, கிழவரின் செருப்பை முகர்ந்தது. கீழே தொங்கிய அவர் விரல்களில் பழச்சாறு காய்ந்திருந்தது. அதை முகர்ந்தது. பிறகு நாக்கை நீட்டியது.

அதற்குமேல் அவள் யோசிக்கவில்லை. ஒட்டடைக் கம்பைத் திரையின் மடிப்பில் நுழைத்தாள். இரண்டு கையாலும் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்கதவைத் தாண்டினாள். பெரிதாகக் காட்டிக்கொள் என்று தாள் சொல்லியிருந்தது. அவளோ நாலே முக்கால் அடி. நாற்காலிக்குப் பக்கவாட்டில் போய் நின்றாள்.

கரடி கையை விட்டுவிட்டு எழுந்து நின்றது. மார்பு தெரிந்தது, நகம் தெரிந்தது. நனைந்த சாக்கு நாற்றம் முகத்தில் அடித்தது. சத்தம் போட வாயைத் திறந்தாள், வெறும் காற்றுதான் வந்தது. மறுபடி திறந்தாள். அப்போதும் காற்றுதான்.

இங்கே இப்படி இருக்க, அங்கே எட்டாவது மாடியில் லிஃப்டின் கூரைமேல் நின்றுகொண்டு மாப்பிள்ளை சந்தோஷம் தாங்காமல் அண்ணனுக்குப் போன் போட்டிருந்தார்.

"அண்ணே, அப்பா என்ன சொன்னாரு?"

"எந்த அப்பா? நான் குடோன்ல சரக்கு இறக்கிட்டிருக்கேன்டா, உன் வீட்டுக்கு ரெண்டு தெரு தள்ளி."

"அப்ப எங்க தோட்டத்துல இருக்கிற கரடி யாரு?"

மூத்தவர் போனைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். மூன்று வருடமாக மிதிக்காத வாசலைத் தாண்டி, பக்கச் சந்து வழியாகத் தோட்டத்துக்குள் நுழைந்து, அவள் முதுகுக்குப் பின்னால் வந்து புஸ் புஸ்ஸென்று இரைத்தபடி நின்றார். முன்னால் ஒன்று, பின்னாலும் ஒன்று இரைக்கிறது! திரும்பக்கூடாது என்று நினைவு வந்தது. திரும்பாமலே கம்பின் ஒரு முனையைப் பின்பக்கம் சாய்த்து ஓங்கி ஒரு குத்து விட்டாள்.

"ஐயோ! குத்தாதம்மா! நான்தான், கரடி!"

அப்போது வந்தது பாருங்கள் சத்தம். நாற்பது வருடமாக உள்ளே அடைத்துவைத்திருந்த அலறல் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து வந்த மாதிரி. மூன்றாவது தெருவில் நாய்கள் குரைத்தனவாம். கரடி மிரண்டு சுவரேறி, இரண்டு செங்கல்லைத் தள்ளிவிட்டு அந்தப் பக்கம் குதித்து ஓடியது.

கம்பு கை நழுவித் திரை மொத்தமும் மாமனார் மேல் விழுந்தது. உள்ளேயிருந்து குரல் வந்தது. "அதுக்குள்ள மூடிட்டீங்களா? மூச்சு இருக்குடா இன்னும்!" துணியை விலக்கினார். எதிரே மூத்த பிள்ளை விலாவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். கிழவர் அவரையே பார்த்தார். பிறகு மரத்தைப் பார்த்தார்.

"கிளைய யாருடா ஒடிச்சது?"

"கரடிப்பா! கரடி!" என்று கத்தினார் மூத்தவர்.

"அதான் தெரியுதே. எதுக்கு ஒடிச்ச?"

மூத்தவர் அப்பா காலடியில் உட்கார்ந்துவிட்டார். சிரித்தாரா அழுதாரா என்று என் தங்கைக்குத் தெரியாது. அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள்.

எங்கள் குடும்பத்தில் இதைச் சொல்லிச் சிரிக்காத ஆள் கிடையாது. அவள் மட்டும் சிரித்ததில்லை. ஒருநாள் என்னிடம் சொன்னாள்: "கரடியக் கண்டு கூட அவ்வளவு பயமில்லண்ணே. இவர் சிரிச்சுக்கிட்டே, கட்டிப் புடிக்கட்டும் விடுன்னாரு பாருங்க, அப்பதான் உயிரே போச்சு. இனி யாரும் வரமாட்டாங்க, நான் ஒருத்திதான்னு தெரிஞ்சுபோச்சு."

மாமனார் மறுநாளும் நாற்காலியை அதே இடத்தில்தான் போடச் சொன்னார். யார் சொல்லியும் கேட்கவில்லை. கடைசியில் இவள் தன் மிஷினையே இழுத்துக்கொண்டுபோய் அவர் பக்கத்தில் போட்டுக்கொண்டாள். ஒரு முழம் தைப்பாள், தலையைத் தூக்கிச் சுவரைப் பார்ப்பாள். மறுபடி ஒரு முழம். பழம் ஓய்கிற வரைக்கும் அப்படித்தான். அந்த மாதம் எனக்கு அனுப்பிய தலையணை உறையில் ஒரு ஓரம்கூட நேராக இல்லை.