காணாத பன்றிக்கு எத்தனை மார்க்?

மிருகக்காட்சிசாலையில் விலங்குகளை விட்டிருக்கும் அடைப்புகளுக்கு மார்க் போடுவதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்காதீர்கள், நான்கு மாதமாக என் வேலை அதுதான். ஒரு கண்ணில் கம்ப்யூட்டரும் மறு கண்ணில் கைக்குழந்தையுமாக வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் அம்மாக்களே, உங்களுக்குத்தான் என் பாடு புரியும்.

மூக்கைத் துளைத்த பல்

வெளிநாட்டு மிருகக்காட்சிசாலை ஒன்றின் கேமரா வீடியோக்கள் காஞ்சிபுரத்தில் என் மேஜைக்கு வரும். எந்த அடைப்பு விலங்குக்கு நல்லது என்று பார்த்து எழுத வேண்டும். எனக்கு வந்தது பபிருசா என்ற காட்டுப்பன்றி. ஆண் பன்றியின் மேல்பல், மூக்குத் தோலைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்து நெற்றிப் பக்கம் வளைந்திருந்தது. அடிபட்டுவிட்டது என்று பதறி அவசரச் செய்தி அனுப்பினேன். சென்னையிலிருந்து சூப்பர்வைசர் கல்பனா மேடம் போன் செய்தார்.

"அதோட வளர்த்தியே அப்படித்தாம்மா. நீ மூஞ்சிய விட்டுட்டு எடத்தப் பாரு."

சுத்தம்

பெண் பன்றி சினையாக இருந்தது. அங்கே இருந்த இரண்டு அடைப்பிலும் அதை ஒவ்வொரு வாரம் விட்டு வீடியோ எடுத்திருந்தார்கள். எதில் குட்டி போட விடுவது என்பதற்கு என் மார்க்கைத்தான் பார்ப்பார்களாம். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

முதல் அடைப்பில் கழுவிவிட்ட சிமெண்ட் தரை, நல்ல வெளிச்சம். இரண்டாவதில் சேறு, புதர், மக்கிய மரம். தினமும் நகத்தைச் சோதித்த கான்வென்ட் சிஸ்டர்களிடம் படித்தவள் நான். முதலாவதற்கு ஒன்பது, இரண்டாவதற்கு மூன்று. தறியை நிறுத்திவிட்டு உறைமோர் கேட்க வந்த பக்கத்து வீட்டு சரோஜாக்கா, கிண்ணமும் கையுமாகத் திரையை எட்டிப் பார்த்தார்.

"ஆஸ்பத்திரியாட்டம் இருக்குதே. இதுல அது எங்கம்மா பொரளும்?"

ஒன்பதை அழித்தேன். அப்புறம் என்ன போடுவதென்று தெரியவில்லை.

இரண்டு நாளாகக் காணோம்

சேற்று அடைப்பு வீடியோவில் இரண்டு நாள் பன்றியே தெரியவில்லை. செத்திருக்குமோ? என் ஆறு மாதக் குழந்தை தூளியில் அசையாமல் தூங்கினாலே துணியை விலக்கி மூச்சு வருகிறதா என்று பார்ப்பவள் நான். 'விலங்கு தெரிகிறதா' என்ற கட்டத்தில் பூஜ்யம் போட்டேன். அனுப்புவதற்கு முன் மேடத்தைக் கூப்பிட்டேன். சிமெண்ட் தரையில் விட்ட வாரம் என்ன செய்தது என்று கேட்டார். நாள் முழுக்கத் தெரிந்தது மேடம், சுவரோரமாகவே போய்ப் போய்த் திரும்பியது என்றேன்.

"அங்க ஒளிய எடமில்லாம தவிச்சிருக்குது. சேத்துல தெரியலன்னா செத்துப்போச்சுன்னு யாரும்மா சொன்னது? ஒளிஞ்சிக்க எடம் கெடைச்சிருக்குது. அங்கயே குட்டி போடட்டும்."

பூஜ்யத்தை எடுத்துவிட்டுச் சேற்று அடைப்புக்குப் பத்து போட்டு அனுப்பினேன். அடுத்த மாதம் அந்தப் புதரிலிருந்து இரண்டு குட்டி மூக்குகள் எட்டிப் பார்த்தன, தூளித் துணியை மட்டும் நான் இன்னும் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் விலக்கிக்கொண்டுதான் இருக்கிறேன்.