முடிவை முதலில் சொல்கிறவள்

கோகிலவாணி எந்தக் கதையையும் முடிவிலிருந்துதான் ஆரம்பிப்பாள். மலைமேல் வளப்பூர் நாட்டில் எங்கள் ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் அந்தப் பழக்கம்தான். சேதி கொண்டுவருகிறவர் முதலில் “ஒண்ணும் பயமில்லீங்க” என்று சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் இழுத்தால் கெட்ட சேதி என்று அர்த்தம்.

மிளகும் மரவள்ளியும் பயிர் பார்க்கிறவளுக்கு எழுத்தாசை வந்து, கீழே சேந்தமங்கலத்தில் கதை எழுதும் வகுப்பில் சேர்ந்தாள். அடுத்த வீட்டுக்காரியான நான் துணைக்குப் போனேன். எனக்கு எழுத வராது, வாய்தான் நீளம். சொல்லிக்கொடுத்த இளங்கோ நல்ல மனிதர். முடிச்சு, திருப்பம், உச்சம் என்று படம் போட்டு விளக்குவார்.

பிரசவ வலியோடு ஜீப்பில் மலையிறங்கும் பெண்ணைப் பற்றி இவள் எழுதினாள். முதல் வரியே, ‘தாயும் பிள்ளையும் சௌக்கியம்.’

“முடிச்சை நீங்களே அவுத்துட்டா அப்பறம் யாருங்க கேப்பாங்க? வகுப்பு முடியற அன்னிக்கு விழாவுல வாசிக்கோணும்னா முடிவைக் கடைசியில வைங்க” என்றார் இளங்கோ.

விழாவில் வாசிக்க அவளுக்குக் கொள்ளை ஆசை. அப்படியே மாற்றி, மாமியார் பாவாயிக்கு வாசித்துக் காட்டினாள். வளைவில் ஜீப் நின்றுபோன இடம் வந்ததும் பாவாயி எழுந்து மஞ்சப்பையில் சேலையைத் திணித்தார்.

“எந்த ஆஸ்பத்திரி கண்ணு? யாருக்கு என்னன்னு மறைக்கறீங்க?”

“கதைதானுங்க அத்தை.”

“அப்ப முடிவைச் சொல்லீருக்கோணுமில்ல?”

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கதை என்று சொன்ன பிறகும் அவர் பையைக் கீழே வைக்காததைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

கோகிலா பழைய வரியையே முதலில் வைத்தாள். “இப்படித்தான் வாசிப்பேனுங்க, இல்லாட்டி வேண்டாமுங்க” என்று இளங்கோவிடம் சொன்னாள். விடாக்கண்டி.

“சரிங்க. ஆனா கடைசியாத்தான் இடமிருக்குது. பஸ்ஸுக்கு எல்லாரும் எந்திரிச்சுட்டா என்னையச் சொல்லக் கூடாது.”

சொன்னது போலவே, அவள் முறை வந்தபோது பாதிப் பேர் பையைத் தூக்கியிருந்தார்கள். அவள் தாளை எடுத்துக்கொண்டு முன்னால் போனாள்.

“தாயும் பிள்ளையும் சௌக்கியம்” என்று வாசித்தாள்.

முன்வரிசையில் பாவாயி, பக்கத்திலிருந்த மகனை, கோகிலாவின் புருஷன் சசிதரனை, இடித்தார். “பார்றா, இப்புடிச் சொல்லோணும். எம் பேத்தி பொறந்தன்னிக்கு நீ டயர் பஞ்சரான கதையில ஆரம்பிச்சே. இந்த ஒரு வரி வர்றதுக்குள்ள எம்பட உசுரு போயிட்டு வந்துச்சு.”

எல்லோரும் சிரித்தார்கள். கோகிலா சிரிக்கவில்லை. அன்றைக்கு அவள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள்; மாமியார் பட்ட பாட்டை யாரும் அவளிடம் சொன்னதில்லை. கண் நிறைந்துவிட்டது.

“வாசி சாமி. ஜீப்பு என்னாச்சு?” என்றார் பாவாயி, கடலைப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டு.

பை தூக்கியவர்கள் உட்கார்ந்தார்கள். கடைசி பஸ் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுப் போயே போய்விட்டது. எங்களை மலையேற்ற இளங்கோதான் வேன் பிடித்தார்.